மாமியின் குர்ஆனுக்குள் வைத்த பாஸ்வேர்ட்

யுத்தம் முடிந்த வருடத்தில் என்னிடம் ஏழு பாஸ்வேர்டுகள் இருந்தன. சுனாமிக்கு முன் ஒன்றுகூட இல்லை. கல்முனைக்கு வீடு கட்டிக்கொடுக்க வந்த ஒரு நிவாரண நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தனாகச் சேர்ந்தபோதுதான் இந்த வியாதி என்னைப் பிடித்தது. கணினியைத் திறக்க ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, பயனாளிகள் பட்டியலைப் பார்க்க இன்னொன்று. பெரிய எழுத்து வேண்டும், இலக்கம் வேண்டும், ஒரு நட்சத்திரமாவது வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். கதவும் கூரையும் தண்ணீரோடு போனவனுடைய பெயரைப் பார்க்க இத்தனை பூட்டா என்று எரிச்சல் வரும்.

எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது என்பது அலுவலகக் கட்டளை. எழுதாமல் எந்த மனிதனால் முடியும்? சுவர்க் கலண்டரில் எழுதினேன். மாதம் முடிந்ததும் மனைவி தாளைக் கிழித்து மீன் செதிலைச் சுற்றிப் போட்டாள். கைத்தொலைபேசியில் பதிந்தேன், அது கிணற்றில் விழுந்தது. கடைசியில் எல்லாவற்றையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, வீட்டில் யாரும் கண்டபடி கைவைக்காத ஒரே இடத்தில் வைத்தேன். அது மாமியின் குர்ஆன்.

மாமி என்றால் என் மனைவியின் உம்மா. கடற்கரையோரம் அவருடைய வீட்டில்தான் நாங்களும் இருந்தோம். சுனாமி அவரைக் கொண்டுபோனது, அடக்குவதற்கு மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் இடிபாட்டைக் கிளறியபோது அந்தக் குர்ஆன் கிடைத்தது, உப்புத் தண்ணீரில் ஊறி இரண்டு மடங்கு பருத்துப்போய். மனைவி அதைத் தாள் தாளாக விரித்துக் காய வைத்தாள். பிறகு தகரக் கொட்டிலிலும் சரி, புது வீட்டிலும் சரி, உயரத்தில் அதற்கென்று ஒரு தட்டு. வுழூ இல்லாமல் அதைத் தொட அவள் விடமாட்டாள். மின்னஞ்சல் பார்ப்பதற்காக முகமும் கையும் காலும் கழுவிய மனிதன் அந்தக் கரையில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

யுத்தம் முடிந்ததும் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டின. எங்களுடையதும் கட்டியது. கத்தாரில் இருந்த கூட்டாளி ஒருவன் சொல்லி, அங்கே ஒரு கம்பெனியின் இணையத்தளத்தில் களஞ்சியப் பொறுப்பாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன். அதற்கும் ஒரு பாஸ்வேர்ட் கேட்டார்கள். அதையும் அந்தக் கடதாசியில் சேர்த்தேன். நோன்புக்கு இரண்டு வாரம் இருக்கையில், ஒரு திங்கட்கிழமை கூட்டாளி அழைத்தான். என்னைத் தெரிவு செய்துவிட்டார்களாம். வியாழக்கிழமைக்குள் அந்தத் தளத்துக்குள் போய்ச் சம்மதம் சொல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடுமாம்.

பாஸ்வேர்ட் ஞாபகத்தில் இருக்கிறது என்ற துணிச்சலில் நேராக நெட் கடைக்கு ஓடினேன். அடித்தேன், பிழை என்றது. மறந்துவிட்டதா என்று கேட்டது, ஓம் என்றேன். புதிது எடுக்கும் வழியை மின்னஞ்சலுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னது. மின்னஞ்சலோ தன் பாஸ்வேர்டைக் கேட்டது. அதுவும் பிழையாகிப்போக, இரகசியக் கேள்வி ஒன்றை நீட்டியது: உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர் என்ன? எங்கள் ஊரில் ஆட்டுக்கும் கோழிக்கும் யார் பெயர் வைத்தார்கள்? கணக்குத் திறந்த நாளில் அந்தக் கேள்வியைப் பார்த்துக் கோபம் வந்து, கைக்குப் பட்ட எழுத்தையெல்லாம் தட்டி வைத்திருந்தேன். அந்தக் கோபத்துக்கு இப்போது அனுபவித்தேன்.

வீட்டுக்கு வந்து வுழூச் செய்துகொண்டு தட்டைப் பார்த்தால், குர்ஆன் இல்லை. ஓத முடியாமல் பழுதான குர்ஆன்களையும் கிதாபுகளையும் சேர்த்து, மரியாதையாக மண்ணில் அடக்கப்போவதாகப் பள்ளிவாசலில் அறிவித்திருந்தார்கள். போன வெள்ளிக்கிழமை கொடுத்து அனுப்பிவிட்டேன் என்றாள் மனைவி. தாள்கள் உதிர்ந்து ஆயத்து எழுதிய துண்டுகள் காலடியில் விழுவதாகப் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். கொடுக்கட்டுமா என்று என்னிடம் கேட்டாளாம், நான் ஓம் என்றேனாம். சொல்லியிருப்பேன். விண்ணப்பமும் கையுமாகத் திரிந்த நாட்களில் அவள் கதைத்தது எதுவும் என் காதில் ஏறவில்லை. ஆனாலும் கத்தினேன். நாலு பேருடைய சோற்றைக் கொண்டுபோய் மண்ணுக்குள் போட்டுவிட்டாய் என்று கத்தினேன். அவள் வெறுந்தட்டைத் துடைக்கத் தொடங்கினாள். அது என் கோபத்தை இன்னும் கூட்டியது.

பள்ளிக்குப் போனேன். பாங்கு சொல்கிற மோதினார் பின்மதிலோரம் குழியைக் காட்டினார். மண் இன்னும் இறுகியிருக்கவில்லை. எங்கள் பொதியைக் கண்டுபிடிப்பது லேசு என்றார். மற்றவர்கள் உரப் பைகளில் போட்டு அனுப்பியிருக்க, என் மனைவி மட்டும் புது வெள்ளைத் துணியில் சுற்றி, மூன்று இடத்தில் முடிச்சுப் போட்டு அனுப்பியிருந்தாளாம். தோண்டுவதென்றால் நானே தோண்ட வேண்டும், தான் கைவைக்க மாட்டேன் என்றும் சொன்னார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மண்வெட்டியை எடுக்க வீட்டுக்கு வந்தேன். எடுத்துக்கொண்டு திரும்பினால் வாசலில் மனைவி. எதற்கு என்று கேட்டாள். மறைக்காமல் சொன்னேன்.

"உம்மாட மையித்து நமக்குக் கிடைக்கல்ல," என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "குளிப்பாட்டல்ல, கபன் போடல்ல. அவவுக்கெண்டு நான் அடக்கினது அது ஒண்டுதான். அதையும் தோண்டப் போறீங்களா?"

மூன்று முடிச்சு என்று மோதினார் சொன்னபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். மையித்தைச் சுற்றும் கபன் துணிக்குப் போடுகிற முடிச்சு அது. எத்தனை மையித்துக்கு என் கையாலேயே போட்டிருக்கிறேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மண்வெட்டியைச் சுவரில் சாத்தி வைத்தேன்.

வியாழக்கிழமை போனது, வேலையும் போனது. அன்று அஸர் தொழுதுவிட்டு அந்த மதிலோரம் போய் மாமிக்காக யாஸீன் ஓதினேன். நாலரை வருடத்தில் முதல் தடவையாக, எங்கே பார்த்து நின்று ஓதுவது என்று தடுமாறவில்லை.