நான் வெட்டிய வரி

அந்த வரியை நான் எழுதவில்லை. அம்மாவின் வாயிலிருந்து எடுத்தேன்.

நாடகம் ஆங்கிலேயர்களுடையது, முந்நூற்றைம்பது ஆண்டுப் பழசு. கொட்டகைகளைப் பதினெட்டு ஆண்டுகள் பூட்டி வைத்திருந்த ஆட்சி போய், மன்னர் திரும்பி வந்ததும் லண்டன் மேடைகளில் அவிழ்த்துவிட்ட பச்சையான நகைச்சுவைகளில் ஒன்று. கிழட்டுக் கணவன், இளம் மனைவி, துணிப்பெட்டிக்குள் ஒளிந்துகொள்ளும் மைனர். அதைத் தமிழில் போடலாம் என்று எங்கள் குழுவின் இயக்குநர் சொன்னபோது, மொழிபெயர்ப்பை நானே கேட்டு வாங்கினேன். பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவள் நான். அப்பாவும் அம்மாவும் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். எங்கள் வீட்டில் புத்தகம் என்று ஒன்று இருந்தால் அது என்னுடையதுதான். என்னால் முடியாதது எதுவும் இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் ஒத்திகை. மூன்று மனைவிமார் சீட்டாடிக்கொண்டே தங்கள் கணவர்களின் கையாலாகாத்தனத்தைப் பேசும் காட்சி. கதாநாயகிக்கு நான் எழுதியிருந்தது: “என் நாயகரின் ஆண்மை அந்திநேரத்து வெயில் போன்றது, தோழி. பட்டும் படாமலும் மறைந்துவிடும்.” நடிகை அதை வானொலிச் செய்தி மாதிரி வாசித்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

“தங்கச்சி, இது என்னா, தேவாரமா?” என்றார் இயக்குநர். பகலில் வங்கியில் வேலை பார்ப்பவர், எங்கள் எல்லாருக்கும் அண்ணன். “இதக் கேட்டா ஜனம் சிரிக்காதுலா. கும்பிடும்.”

எல்லாரும் அதற்குச் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. அன்று வீட்டுக்குப் போய்த்தான் அந்தப் பேருந்து நினைவுக்கு வந்தது.

அம்மாவுக்கு மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தீவில் நாங்கள் இருந்த ஜெலுத்தோங்கிலிருந்து விடியற்காலையில் கம்பெனிப் பேருந்து கிளம்பிக் கடற்பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போகும். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துத் தேர்வு முடிவுக்காகக் காத்திருந்த மூன்று மாதம் நானும் அங்கே வேலைக்குப் போனேன். பின் இருக்கைகள் பெண்களுடையவை. அங்கே அம்மா வேறு ஆள். வீட்டில் அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டுச் சுவரோரம் நிற்கும் அதே அம்மா, அங்கே பேச்சை எடுத்தால் பேருந்தே குலுங்கும். வேலை முடிந்து கிளம்பும்போது நேர அட்டையை இயந்திரத்தில் பதிப்பது ‘கார்ட் பஞ்ச்’. கூடுதல் நேர வேலைக்குத் தொழிற்சாலையில் எல்லாரும் சொல்லும் பெயர் ‘ஓட்டி’. பின் இருக்கையில் அதற்கு வேறு பொருள்.

“என்னக்கா, கண்ணு செவந்திருக்கு? ராத்திரி ஓட்டியா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“எங்க வீட்டுக்காரருக்கு ஏதுடி ஓட்டி? மெசினு சூடாவறதுக்குள்ள கார்ட் பஞ்ச் பண்ணிட்டுப் போயிடுவாரு” என்றாள் அம்மா.

நான் தலையைக் கண்ணாடியில் சாய்த்துத் தூங்குவதுபோல் இருந்தேன். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

ஏழு ஆண்டு கழித்து அந்தக் கேள்வியையும் பதிலையும் ஒரு எழுத்தும் மாற்றாமல் லண்டன் சீமாட்டிகளின் வாயில் வைத்தேன். அடுத்த ஒத்திகையில் நடிகை பாதி சொல்வதற்குள் நாற்காலியில் சரிந்து சிரித்தாள். “எங்கேருந்து பிடிச்ச?” என்று அண்ணன் கேட்டார்.

“சும்மா தோணிச்சு” என்றேன்.

வெள்ளிக்கிழமை மாலை முதல் காட்சி. அப்பா தேவாலயத்துக்குப் போடும் சட்டையில் வந்தார். அம்மா தன்னோடு பேருந்துப் பெண்கள் ஏழு பேரை அழைத்து வந்திருந்தாள். மறந்த வரிகளை எடுத்துக்கொடுக்கும் வேலையும் என்னுடையது என்பதால், பிரதியோடு மேடைப் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றேன். மேடையைவிட அரங்கம்தான் நன்றாகத் தெரிந்தது.

முதல் அரைமணி நேரம் பிணவறை அமைதி. முன்வரிசைப் பெரியவர்கள் நிகழ்ச்சிப் புத்தகத்தால் விசிறிக்கொண்டார்கள். மைனர் துணிப்பெட்டிக்குள் இறங்கி அடுத்தவன் மனைவியின் பாவாடையை மோந்து பார்த்தபோது, ஒரு தம்பதி தங்கள் பள்ளிக்கூடப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினார்கள். யாரோ ஒருவர் தப்பான இடத்தில் தனியாகச் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார். நான் பிரதியின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தேன். தோற்றுப்போய்விட்டேன் என்றே நினைத்தேன்.

பிறகு சீட்டாட்டக் காட்சி வந்தது. கேள்வி. பதில்.

அந்தச் சிரிப்பை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தகரக் கூரையில் திடீரென்று மழை கொட்டியதுபோல. விசிறிக்கொண்டிருந்தவர்கள் புத்தகத்தால் வாயை மூடினார்கள். மாணவர்கள் விசிலடித்தார்கள். அப்பா தொடையில் தட்டித் தட்டி, உள்ளங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அப்போதுதான் பார்த்தேன். அந்த வரிசையில் ஏழு தலைகள் மேடையை விட்டுத் திரும்பின. முதலில் அம்மாவைப் பார்த்தன. பிறகு அம்மாவைத் தாண்டி அப்பாவை. உடனே எல்லாம் மேடைக்குத் திரும்பிவிட்டன. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மடியிலிருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த வரி யாரைப் பற்றியது என்பது அதை எழுத்து மாறாமல் எழுதிவைத்த எனக்கு அந்த நொடி வரை உறைக்கவே இல்லை. எழுதும்போது அது எனக்கு வெறும் நல்ல வரி.

காட்சி முடிந்து, வாசலில் பேருந்து அக்கா ஒருவர் என் தோளைப் பிடித்தார். “தூங்குற மாதிரியே உக்காந்திருந்தியே பாப்பா. எல்லாத்தையும் அள்ளிக்கிட்டியா?” சிரித்தபடிதான் கேட்டார். மற்ற ஆறு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா நிகழ்ச்சிப் புத்தகத்தில் என் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். “அந்தக் கார்ட் பஞ்ச் இருக்கு பாரு! என்னா மூளடி ஒனக்கு!”

சனிக்கிழமை காலைக்குள் அடுக்குமாடியில் எங்கள் மாடி முழுக்க அந்த வரியைச் சொல்லிவிட்டார். காப்பிக்கடையில் சொன்னார். மோட்டார் சைக்கிள் பட்டறையில், தன்னோடு வேலை பார்ப்பவர்களிடம் சொன்னார். தன்னைப் பற்றிய கேலியைத் தானே ஊரெல்லாம் சுமந்துகொண்டு திரிந்தார், “எம்மவ எழுதுனது” என்று.

அன்று மதியம் அம்மா நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே, நிமிராமல் பேசினாள்.

“ஞாயித்துக்கெழம பட்டற ஆளுங்க எல்லாத்தையும் நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போறாராம். பொண்டாட்டிங்களோட. அதுல ஒருத்தி எங்க பஸ்ஸு.”

“அம்மா, நான் வேணும்னு செய்யல.”

“வேணும்னு செய்யலன்னா வேணாம்னு விட்டிருக்கலாம்ல?” ஒரு நெத்திலி. இன்னொன்று. “அந்த பஸ்ஸுல நாப்பது நிமிசம். ஒரு நாளைக்கு அங்க மட்டுந்தான் நான் வாயத் தொறக்கறது. இனி எவ என்கிட்ட பேசுவா? மக எழுதிடுவான்னு பயப்படுவாளுங்க.” கையைக் கழுவினாள். “அது போவட்டும். அந்த மனுசனுக்குத் தெரியக்கூடாது. அத எடுத்துடு.”

சனிக்கிழமைக் காட்சிக்கு முன் அண்ணனிடம் கேட்டேன். “வெளையாடுறியா? இன்னிக்கு ஜனம் வர்றதே அதுக்குத்தான்லா” என்றார். ஞாயிறு மட்டும் போதும் என்றேன். காரணம் கேட்டார். ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில், அது என் வரி இல்லை, அம்மா அப்பாவைப் பற்றிச் சொன்னது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் பிரதியையும் ஒரு பென்சிலையும் என்னிடம் நீட்டினார். “சரி. ஞாயிறு மட்டும்.”

பென்சிலால் கேள்வியையும் பதிலையும் அடித்தேன். தோழி, “உங்க வீட்டுல எப்படி?” என்று மட்டும் கேட்பாள். நடிகை ஒரு பெருமூச்சு விட்டுச் சீட்டைக் கீழே வைப்பாள். அவ்வளவுதான்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்காட்சி. நான்காவது வரிசையில் அப்பா, இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் பட்டறைக்காரர்களும் மனைவிகளும். சீட்டாட்டம் தொடங்கியதுமே அப்பா பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்தார். இதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

“உங்க வீட்டுல எப்படி?” என்றாள் தோழி.

நடிகை பெருமூச்சு விட்டாள். சீட்டை வைத்தாள்.

அரங்கம் காத்திருந்தது. நடிகைக்கு வரி மறந்துவிட்டது என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். மகள் எழுதிய வரி வீணாகிறதே என்று பதறியிருக்க வேண்டும். பாதி எழுந்து, உதவி செய்யும் குரலில் மேடையைப் பார்த்துச் சொன்னார்.

“கார்ட் பஞ்ச், மா! மெசினு சூடாவறதுக்குள்ள கார்ட் பஞ்ச் பண்ணிட்டுப் போயிடுவாரு!”

வெள்ளிக்கிழமையைவிடப் பெரிய சிரிப்பு. கைதட்டல். அப்பா கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அந்தப் பேருந்துக்காரப் பெண் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, “ஐயோ அண்ணே! ஒங்க வாயாலயே சொல்லிட்டீங்களே!” என்று கத்திவிட்டாள். கத்திய பிறகு அவள் உடம்பே சுருங்கியது.

அப்பா சிரித்தபடியே அவளைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உயர்த்திய கை மெல்ல இறங்கியது. உட்கார்ந்தார். சிரிப்பு ஓய்ந்தது. அடுத்து என்ன என்று நடிகை திரையோரம் என்னைப் பார்த்தாள். பிரதி கையில் இருந்தது. நான் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அப்பா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார். உரக்க, தொடையில் தட்டி. யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை. பக்கத்திலிருந்த அம்மாவின் கை அவர் கையை நோக்கிக் கொஞ்ச தூரம் போனதைப் பார்த்தேன். தொடாமல் திரும்பி வந்தது. தொட்டால் அந்த வரி உண்மை என்று ஆகிவிடும்.