மல்லிகை வண்டிக்கு ஒரு படுதா

1. காலடியில் விழுந்தது

இருபத்தாறு வருடமாகப் படுதா தைக்கிறேன். தார்ப்பாயைத்தான் எங்கள் பக்கம் படுதா என்போம். லாரி, டிராக்டர், நெல் களம், கோழிப்பண்ணை என்று எல்லாவற்றுக்கும் தைத்துக் கொடுத்தவள் நான். அப்படிப்பட்ட என் காலடியில், நான் தைத்த படுதாவையே ஒருவர் சுருட்டிக் கொண்டுவந்து எறிந்தார். ஆவணி மாதம், காலை பத்து மணி, கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

எறிந்தவர் சின்னச்சாமி. கொட்டாம்பட்டிப் பக்கம் ஊர், சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி. தினமும் காலையில் சுற்றுப்பட்டுத் தோட்டங்களில் மல்லிகையைச் சாக்குச் சாக்காக ஏற்றி, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இறக்குவார். மூன்று நாள் முன்புதான் கடைக்கு வந்து, "அக்கா, மழை புடிச்சிருச்சு. பூ நனையக் கூடாது. இருக்கதுலயே நல்லதா ஒண்ணு போட்டுக் குடுங்க" என்று கேட்டிருந்தார்.

'இருக்கதுலயே நல்லது' என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. எங்களிடம் மூன்று ரகம். நீல பிளாஸ்டிக் லேசானது, ஒரு வருடம் தாங்கினாலே பெரிது. பருத்திக் கித்தான் கனம், விலையும் கூட. மூன்றாவது பி.வி.சி. ஷீட், ஒரு பொட்டுத் தண்ணீர் இறங்காது. நான் யோசிக்கவே இல்லை, பி.வி.சி.யை இழுத்துப் போட்டு வெட்டினேன். இரட்டைத் தையல், அரை அடிக்கு ஒரு பித்தளை ரிங், சுற்றிலும் எலாஸ்டிக் கயிறு. மாட்டிப் பார்த்தபோது வண்டியின் பாடியோடு ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றது.

எங்கள் கடையில் பேப்பர் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. வண்டிக்குள் பழைய செய்தித்தாளை விரித்து, மேலே படுதாவைக் கட்டி, ஹோஸில் பத்து நிமிடம் தண்ணீர் அடிப்போம். பேப்பரில் ஒரு சொட்டு விழுந்தாலும் பிரித்துத் தைக்க வேண்டும். அன்றைக்குப் பேப்பர் அப்படியே மொறுமொறுவென்று இருந்தது. அதில் என் ராசிபலனைக்கூடப் படித்தேன். தொழிலில் பாராட்டு வரும் என்று போட்டிருந்தது.

மூன்றாம் நாள் வந்த பாராட்டுதான் அது.

"எதுக்குப்பா எறியிற? ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போச்சா?" என்று எகிறினேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில்.

"தண்ணி போகலக்கா. காத்தும் போகல. வண்டியில கெடக்குற இந்தச் சாக்குக்குள்ள கைய விட்டுப் பாருங்க."

விட்டேன். இட்லிச் சட்டியைத் திறந்தது போல ஆவி. இறுக மூடிய மொக்காக வரவேண்டிய மல்லி பாதி வாய் பிளந்து, ஓரம் பழுப்பேறிக் கிடந்தது. மல்லியைப் பொறுத்தவரை மொக்காக இருக்கும் வரைதான் மரியாதை. பறித்த பூவின் சூட்டையும் ஈரச்சாக்கின் ஈரத்தையும் என் படுதா சிந்தாமல் சிதறாமல் உள்ளேயே பிடித்து வைத்திருந்தது.

"கமிசன் கடையம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? நாளான்னைக்குப் பெரிய முகூர்த்தம். அன்னைக்கும் பூ புழுங்கி வந்தா, இனிமே உன் வண்டிப் பூவ என் கடையில எறக்காதன்னுட்டாங்க. தோட்டக்காரங்க வேற வண்டி பாத்துருவாங்கக்கா. எனக்கு இந்த ஒரு ஓட்டந்தான்."

என் கோபம் இறங்கிய இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அதை மறைக்கப் படுதாவை மடித்துக்கொண்டே நின்றேன்.

2. நானே மூட்டையானேன்

முதலாளி ரத்தினம் அண்ணன் எட்டிப் பார்த்து, "இதுக்கா இம்புட்டு ரோசன? நாலு எடத்துல சன்னல் வெட்டி விடு சரோசா" என்றார்.

"சன்னல் வழியா மழை வந்தா நீங்க போயி கொடை புடிப்பீங்களாண்ணே?"

"அப்ப பச்சை வலையப் போடு."

"வலையில மழை நிக்காதுண்ணே."

எனக்குப் பொறுக்கவில்லை. எறிந்த அதே படுதாவைத் திரும்ப வண்டியில் மாட்டச் சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாடிக்குள் ஏறிப் படுத்தேன். "கட்டுப்பா. வண்டிய எடு. மேலூர் ரோட்டுல ஒரு சுத்துச் சுத்திட்டு வா."

"அக்கா, போலீஸ் புடிச்சா?"

"பூ மூட்டைன்னு சொல்லு."

மூட்டை வயதுக்கு வந்து வெகுநாளாகிறது என்று ரத்தினம் அண்ணன் சொன்னது காதில் விழுந்தது. திரும்பி வந்து வைத்துக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தே நிமிடத்தில் முகமெல்லாம் வியர்வை. படுதா மூக்கை உரசியது, மேலே காற்று நிற்க அரை விரற்கடை இடம்கூட இல்லை. பின் கதவுப் பக்கம் ஒரு ரிங்கை அவிழ்த்துப் பார்த்தேன். காற்றை விடப் புழுதிதான் சுழன்று உள்ளே வந்தது. பக்கவாட்டில் தூக்கிப் பிடித்தேன். அடடா! சில்லென்று ஒரு காற்று கழுத்தில் பாய்ந்தது. "கண்டுபிடிச்சிட்டேன்!" என்று உள்ளே இருந்து கத்தினேன். சின்னச்சாமி பயந்துபோய் பிரேக் போட, நான் உருண்டு கேபினில் முட்டிக்கொண்டேன். நெற்றி வீங்கியது. அந்தச் சந்தோஷத்தில் வலியே தெரியவில்லை.

அன்று மதியமே வேலையை ஆரம்பித்தேன். பாடியில் மூன்று இரும்பு பைப்புகளை வில்லாக வளைத்து நிறுத்தினோம், சாக்குகளுக்கு மேல் ஒரு அடி இடம் சும்மா கிடக்கும்படி. கூரைக்கு வெளிர் நிறக் கித்தான். இரண்டு பக்கச் சுவரும் வலை. கூரைத் துணி அதோடு நிற்காமல், வீட்டுத் தாழ்வாரம் மாதிரி ஒன்றரை அடி வெளியே இறங்கி வலையை மறைக்கும். ஓட்டத்தில் அது படபடக்காமலிருக்க ஓரமடிப்புக்குள் மெல்லிய சங்கிலியை விட்டுத் தைத்தேன். பின்பக்கம் புழுதிக்காக முழு அடைப்பு. அடியில் தண்ணீர் வடியப் பலகைச் சட்டம். மறுநாள் பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டேன். இரண்டு ஊசி உடைந்தது.

ஹோஸில் தண்ணீர் அடித்தோம். பேப்பரில் நாலு சொட்டு. ரத்தினம் அண்ணன் பேப்பரை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "உன் கையிலயா இது? பிரிச்சுத் தை."

"பிரிக்க மாட்டேண்ணே. பூ பேப்பர் இல்ல, நாலு சொட்டுல கெட்டுப் போகாது" என்றேன். பேப்பர் டெஸ்ட் விஷயத்தில் அவர் பேச்சை நான் மீறியது அதுதான் முதல் தடவை. அவர் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

3. முகூர்த்த நாள்

முகூர்த்தத்தன்று காலையில் கொட்டாம்பட்டிக்கே போய்விட்டேன். கடைசித் தோட்டத்தில் சாக்குகளை ஏற்றி முடித்ததும், அவற்றுக்கு நடுவே இடம் பண்ணி உட்கார்ந்தேன். சின்னச்சாமி தலையில் அடித்துக்கொண்டார்.

முதலில் வெயில் சுள்ளென்று அடித்தது. சாக்கில் கையை வைத்துப் பார்த்தேன், குளிர்ச்சி. மேலூர் தாண்டியதும் வானம் கறுத்தது. பிறகு கொட்டியது பாருங்கள், அப்படி ஒரு மழை! கூரையில் தடதடவென்று இறங்கியது. தாழ்வாரத் துணியில் அருவி மாதிரி வழிந்தது. சங்கிலி கனத்தில் ஓரம் அசையவில்லை. வலை வழியாகச் சாரல் பொட்டுப் பொட்டாக என் முழங்கையில் பட்டது, அவ்வளவுதான். காற்று மட்டும் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போய்க்கொண்டே இருந்தது. மல்லி வாசத்தோடு தனியாக உட்கார்ந்து நான் கைதட்டினேன். பார்த்தவர்கள் யாருமில்லை, அதனால் இன்னொரு முறையும் தட்டினேன்.

மார்க்கெட்டில் வண்டி நின்றதும் பயம் பிடித்துக்கொண்டது. கமிஷன் கடையம்மா வந்து பின்பக்கத் துணியை விலக்கினார். சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி விரித்தார்.

ஒரு மொக்குகூட விரியவில்லை.

"எறக்குடா எல்லாத்தையும்!" என்று ஆட்களைப் பார்த்துக் கத்தினார் அந்தம்மா. பிறகுதான் மூட்டைகளுக்கு நடுவே என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். "ஆத்தாடி! இது யாருய்யா?"

"படுதா தச்ச அக்கா" என்றார் சின்னச்சாமி. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும்தான். இந்த இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. அந்தம்மா கைநிறைய மல்லியை அள்ளி என் மடியில் போட்டார்.

4. இப்போது

எந்தப் படுதா நல்லது என்று இன்றைக்கும் வந்து கேட்கிறார்கள். நான் துணியை எடுத்துக் காட்டுவதில்லை. "உள்ள என்ன ஏத்துவீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன். வெளியே பெய்கிற மழையையே பார்த்துக்கொண்டு, உள்ளே இருப்பதைக் கேட்காமல் விட்டதுதான் நான் செய்த தப்பு. பேப்பர் டெஸ்டை ரத்தினம் அண்ணன் இன்னும் விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு சட்டம் சேர்த்திருக்கிறார். யார் தைத்தார்களோ அவர்கள் அந்தப் படுதாவுக்கு அடியில் ஒரு ஓட்டம் உட்கார்ந்து வர வேண்டும்.

போன வாரம் பரவை மார்க்கெட்டுக்கு லோடு அடிக்கிற ஒரு பிக்கப்காரர் வந்தார். நான் வழக்கம்போலக் கேட்டேன்.

"வெங்காயம்க்கா" என்றார்.

கண்ணைத் துடைக்க ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியில் ஏறினேன்.