நான் மாற்றிய கீ செட்டிங்

தாம்பரத்தில் கல்லூரி முடிந்ததும் பிரவுசிங் சென்டரில் கார் ரேஸ் ஆடுவேன். ஒருநாள் கிடைத்த கம்ப்யூட்டரில் ஸ்டியரிங், பிரேக் எல்லாமே கீபோர்டின் இடது ஓரத்தில் செட் செய்யப்பட்டிருந்தன. எவனோ கிறுக்கன் என்று முணுமுணுத்தபடி வழக்கமான கீகளுக்கு மாற்றினேன்.

மறுநாள் நான் பக்கத்து கேபினில் இருந்தேன். அதே கம்ப்யூட்டரிலிருந்து ஓர் ஆள் கத்தினார்.

"என் கீயெல்லாம் எவன் மாத்துனான்?"

ஓனர் என்னைக் காட்டிவிட்டார். மறைமலை நகர் தொழிற்சாலை யூனிஃபார்ம் சட்டையோடு அந்த ஆள் எழுந்து வந்து என் வழியை அடைத்து நின்றார். அடிக்கத்தான் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"பயப்படாதம்மா. நீ மாத்திக்கினு ஆடு. போறப்ப மட்டும் பழையபடி வச்சிட்டுப் போ."

கண்ணைத் திறந்தேன். அவருடைய வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

இன்றும் அலுவலகத்தில் இன்னொருவர் நாற்காலியில் உட்கார்ந்தால், அதன் உயரத்தை மாற்ற எனக்குப் பயம்.