புள்ளி வைத்த டீச்சர்

என் வீட்டுக்காரி பள்ளிக்கூடத்தில் கர்சிவ் சொல்லிக்கொடுக்கிறவள். ஆங்கில எழுத்தைப் பேனா தூக்காமல் ஒன்றோடொன்று கோத்து எழுதுகிறார்களே, அதுதான். நாலாவது வகுப்பில் தொடங்கி ஐந்தாவதில் முடிக்க வேண்டும். நான் குழாய் வேலைக்காரன். நாலாவதோடு புத்தகத்தை மூடியவன். எழுத்தைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லை. ஆனால் இணைப்பு பற்றித் தெரியும். நேராகப் போகிற குழாய் தொல்லை கொடுக்காது, வளைவில்தான் ஒழுகும். அவள் சொல்வதும் அதேதான். 'ஓ' போட்டு 'ஆர்' சேர்க்கிற இடத்தில்தான் பிள்ளைகள் குப்புற விழும். 'ஓ'வின் வாலைக் கீழே இறக்காமல் மேலேயே இழுத்து அடுத்த எழுத்தில் கொண்டுபோய் விட வேண்டும். இறக்கினால் அது 'ஏ' ஆகிவிடும்.

இதற்கு அவள் கண்ட மருந்து புள்ளி. ஒவ்வொரு பிள்ளையின் நாலு கோடு நோட்டிலும் பென்சிலால் புள்ளி புள்ளியாக வார்த்தையை வைத்துக் கொடுப்பாள். அதன்மேல் பிள்ளைகள் பேனாவை ஓட்டும். இந்த வருஷம் ஐந்தாவது கொஞ்சம் மந்தம் என்று அவர்களுக்குப் புள்ளி கூடுதல். சாயங்காலமானால் நோட்டுக் கட்டு அவளோடு வீட்டுக்கு வந்துவிடும். அடுப்பில் ஒரு கண், நோட்டில் ஒரு கண்.

"ஒரு நோட்டுல வச்சு ஜெராக்ஸ் போட்டா வேலை முடிஞ்சுது. எதுக்கும்மா இந்தப் பாடு?" என்பாள் கல்லூரிக்குப் போகிற மகள்.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சைஸ்ல எழுதுதுடி. எல்லார் காலுக்கும் ஒரே செருப்பு போட முடியுமா?"

"அப்ப நீ செருப்புக் கடையே வச்சிருக்கலாம்."

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் மணிக்கட்டு வீங்கிவிடும். வெந்நீரில் துணி நனைத்து ஒற்றடம் கொடுப்பது என் வேலை. சோற்றை இடது கையால் பரிமாறுவாள்.

இப்படி இருக்கையில் புதுத் தலைமையாசிரியர் வந்தார். "இந்தக் காலத்துல யாரு டீச்சர் கையால எழுதறா? நாலாவதுலயும் அஞ்சாவதுலயும் உங்க பீரியட கம்ப்யூட்டருக்குக் கொடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

"பிள்ளைங்க எழுதறத ஒரு தடவ பாருங்க சார். பார்த்துட்டு எடுங்க" என்று இவள் மல்லுக்கு நின்றிருக்கிறாள். சரி, வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், வெள்ளைத் தாளில், ஐந்தாவது பிள்ளைகள் தன் கண் முன்னால் எழுதட்டும் என்று அவர் ஒத்துக்கொண்டார்.

"போனா போகுது, விடும்மா. கையாவது மிஞ்சும்" என்றேன்.

"உங்களுக்கென்ன, சொல்லிட்டு ஸ்பேனரத் தூக்கிட்டுப் போயிடுவீங்க. கிளாஸ் போச்சுன்னா ஆபீஸ்ல உக்கார வச்சு கம்ப்யூட்டர்ல மார்க்கு ஏத்தச் சொல்லுவாங்க. பிள்ளைங்க முகத்தையே பாக்காம நான் அங்க என்ன பண்றது?"

வெந்நீரில் துணியை நனைத்து அவள் மணிக்கட்டில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிவரப் போன என்னை வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார். ஐந்தாவது வகுப்பு ஜன்னலோரக் குழாய் ஒழுகுகிறதாம். வாஷரை மாற்றிக்கொண்டே உள்ளே பார்த்தேன். எல்லாத் தலையும் குனிந்திருந்தது. இவள் கரும்பலகையை ஒட்டி நின்றாள். தலைமையாசிரியர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பெஞ்சாகப் பார்க்கக் கிளம்பியவர், முதல் பெஞ்சுச் சிறுமியிடமே நின்றுவிட்டார். ஒரு நிமிஷம் சும்மா இருக்காது என்று இவள் தினம் வந்து சொல்வதால் கட்டெறும்பு என்றே எங்கள் வீட்டில் அதைச் சொல்வோம்.

"என்னம்மா பண்றே?"

"புள்ளி வைக்கிறேன் சார்."

"எதுக்கு?"

"எழுதறதுக்குத்தான். புள்ளி இல்லாம எப்படி சார் எழுதறது?"

அவர் நிமிர்ந்து வகுப்பைப் பார்த்தார். அத்தனை பேரும் வெள்ளைத் தாளில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், அஞ்சு நிமிஷம் சார். எனக்குப் புள்ளியே முடியல" என்று கத்தினான்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவளுக்கு வரவில்லை. முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது.

மணி அடித்தபோது பாதிப் பேர் ஒரு வரிகூட முடிக்கவில்லை. தாள்களை வாங்கிப் பார்த்தார்.

"எழுத்து முத்து மாதிரித்தான் இருக்கு. ஆனா இந்த வேகத்துல பரீட்சை எழுதினா அடுத்த வருஷம்தான் முடிப்பாங்க."

"தப்பு என்னுது சார்" என்றாள். "அவங்க கை பழகும்னு நானே வச்சு வச்சு... என் கைதான் பழகியிருக்கு."

அவர் தாள்களை அடுக்கி அவளிடமே நீட்டினார். கெட்ட மனுஷர் இல்லை.

"அஞ்சாவத எடுத்துக்கறேன் டீச்சர். நாலாவது உங்ககிட்டயே இருக்கட்டும். புள்ளி இல்லாம."

தலையாட்டினாள். சந்தோஷமா வருத்தமா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூட்டை இறக்கி வைத்த ஆள் உடனே நிமிர முடியாமல் நிற்பானே, அப்படி நின்றாள்.

வெளியே வரும்போது கட்டெறும்பு சேலையைப் பிடித்துக்கொண்டது.

"டீச்சர், இனிமே எங்களுக்குப் புள்ளி கிடையாதா?"

"கிடையாது. நீயே எழுது."

"கோணலா வருமே."

"வரட்டும்."

"திட்ட மாட்டீங்களா?"

"நான் எங்கடி திட்டறது? போ, வேன் போயிடும்."

ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். சிக்னல் தாண்டுவதற்குள் தலை என் முதுகில் சாய்ந்துவிட்டது. விழுந்துவிடுவாளோ என்று பயந்து, "தூங்கறியா?" என்றேன்.

"இல்ல. திங்கக்கிழமை நாலாவதுக்கு 'ஓ'வ எப்படி ஆரம்பிக்கறதுன்னு பாக்கறேன். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."