பொக்கே

ஏழாயிரம்பண்ணை பட்டாசு ஆலை விபத்தில் என் அக்காவின் இரண்டு கைகளும் வெந்துபோயின. ஆஸ்பத்திரிக்கு வந்த மேனேஜர், பளபளப்புத் தாள் சுற்றிய பொக்கேயை நீட்டினார்.

"இதப் பிடிங்கம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கிருவோம்."

அக்கா தன் கட்டுகளைப் பார்த்தாள். "எத வச்சுய்யா பிடிக்க?"

அவர் அதை அவள் நெஞ்சின்மேல், பிணத்துக்கு வைப்பதுபோல வைத்துப் படமெடுத்தார். களிம்பு நாற்றத்தோடு ரோஜா மணமும் கலந்தது. பூவை எடுத்து அவர் கையிலேயே திணித்தேன். "கெளம்புங்க சார்."

கல்லூரியில் பிரெஞ்சு படித்தவள் நான். அந்த மொழியில் பொக்கே என்றால் பூங்கொத்து. வாணவேடிக்கையின் கடைசிப் பெருவெடிப்புக்கும் அதே பெயர். பட்ட கொடுமைக்கு மேல் இன்னொன்று வந்து சேர்ந்தாலும், "இதுதான் பொக்கே" என்று வெறுத்துச் சொல்வார்கள்.

இப்போது கல்யாண வீடுகளில் யாராவது பொக்கேயைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நீட்டினால், வாங்க என் கை நீள்வதில்லை.