எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது

போன ஞாயிற்றுக்கிழமை பிடித்த பயம் இன்னும் முழுசாக விடவில்லை. இந்த வாரம் இந்தப் பக்கத்துக்கு வேறு எதையாவது எழுதலாம் என்று உட்கார்ந்தாலும் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது.

பெரிசாக ஒன்றுமில்லை. டூர் போனேன். ராட்டினம், சறுக்கு, அலைக்குளம் எல்லாம் உள்ள ஒரு தீம் பார்க். ராட்டினத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நினைக்கிறீர்களா? அதில் நான் ஏறவே இல்லை.

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எந்த ஊருக்கும் யோசித்துப் போனதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன், எந்த பஸ் முதலில் நகர்கிறதோ அதில் ஏறுவேன். திருப்பூருக்கு வந்ததும் அப்படித்தான். சில ஊரில் பட்டினி, சில ஊரில் நல்ல சாப்பாடு. பிளான் போட்டிருந்தால் அந்தப் பட்டினி இருந்திருக்காது. அந்த ஊர்களையும் பார்த்திருக்க மாட்டேன்.

பக்கத்து வீட்டுக் கதிர்வேல் எனக்கு நேர் எதிர். பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எத்தனை பீஸ் தைத்து இறங்க வேண்டும் என்று போர்டில் எழுதிவிட்டு, அந்த போர்டையே முறைத்துக்கொண்டு நிற்கிற வேலை. எங்கள் காம்பவுண்டுக் குடும்பங்களை பார்க்குக்குக் கூட்டிப் போகும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். தனி ஆளான என்னையும் சேர்த்துக்கொண்டார்.

வாட்ஸ்அப்பில் பிளான் வந்தது. முதல் மணி நேரம் இந்த ரைடு, அடுத்த மணி நேரம் அந்த ரைடு… பாத்ரூமுக்குக்கூட நேரம் ஒதுக்கியிருந்தார்.

“ஏன் கதிர்வேலு, இது டூரா, ஷிப்மென்ட்டா?” என்றேன்.

“அக்கா, பிளான் இல்லாம போனா பாதி நாளு க்யூவுலயே போயிருமுங்க. நீங்க சும்மா வந்து வேன்ல ஏறுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.”

அடுத்து சட்டை. யாரும் தொலைந்துவிடக் கூடாது என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி டீ-ஷர்ட். கண்ணைப் பறிக்கிற கிளிப்பச்சை, நெஞ்சில் ஒரு கரடி. எக்ஸ்போர்ட்டுக்குத் தைத்து, கப்பல் ஏறாமல் தங்கிப்போன லாட்டில் வாங்கியது. அதுவும் பாலியஸ்டர். காட்டன் போட்டால் குளத்துக்குள் விட மாட்டார்களாம். இவ்வளவு யோசிக்கிற மனுஷனை என்ன குறை சொல்வது?

வேன் கிளம்பும் முன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாடம் எடுத்தார். முன்னால் நின்றது அவர் மகள் யாழினி. ஒன்றாம் வகுப்பு.

“கண்ணு, வழி தப்பிப்போச்சுன்னா என்ன பண்ணோணும்?”

“அழுவக்கூடாது. பச்சச் சட்டை எங்கிருக்குதோ அங்க போயி நின்னுக்கோணும்.”

“அவ்வளவுதான்!”

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மதியம் வரை பிளான் பிரமாதமாக ஓடியது. ஊரெல்லாம் வெயிலில் க்யூவில் வாட, நாங்கள் கூட்டம் சேரும் முன்பே ஏறி இறங்கிவிட்டோம். ஒவ்வொரு ரைடு முடிந்ததும் கதிர்வேல் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். வாங்கிக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்தது. கை கழுவுகிற இடத்தில் ஒரே நெரிசல். வெளியே வந்து, கை நீட்டிய பிள்ளைகளுக்கெல்லாம் சோளக்கதிர் வாங்கிக் கொடுத்தேன். கதிர்வேல் விரலை நீட்டித் தலைகளை எண்ணினார். பீஸ் எண்ணுகிற அதே வேகம்.

“கரெக்டா இருக்குதுங்க. அலைக்குளம் போலாம்.”

குளத்தருகே போனதும் அவர் மனைவி சுமதி, “இங்க வா யாழினி, முடியக் கட்டிவுடறேன்” என்று முன்னால் போன பச்சைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

திரும்பியது ஒரு பையன்.

எங்கள் காம்பவுண்டுப் பையன் இல்லை. அதே கிளிப்பச்சை, அதே கரடி. கையில் நான் வாங்கிக் கொடுத்த சோளக்கதிர்!

“நீ யாரு கண்ணு?”

“ரித்திக்.”

“உங்கம்மா எங்க?”

அவன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. வாய் கோணியது.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மிச்சம் விழுந்த லாட்டை ஒருத்தருக்கு மட்டுமா விற்பார்கள்? வேறு ஏதோ பனியன் கம்பெனிக்காரர்களும் அதே சட்டையை வாங்கி, அதே யோசனையோடு, அதே பார்க்குக்கு வந்திருக்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் ஒன்று கூடியிருக்கிறது, ஒன்று குறைந்திருக்கிறது. எண்ணிக்கை சரி!

யாழினி அழுதிருக்க மாட்டாள். அப்பா சொன்னதை அப்படியே செய்திருப்பாள்.

அந்த நேரம் பார்த்து அலைக்குளத்தில் சங்கு ஊதியது. அலை எழும்பியது. தண்ணீர் முழுக்கத் தலைகள். சுமதி செருப்போடு உள்ளே இறங்கிவிட்டாள். “யாழினி… யாழினி…” என்று அவள் கத்தியது அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. வாயசைவுதான் தெரிந்தது.

கதிர்வேல்? கரையில் நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தார். “இந்நேரம் நாம குளத்துல இருக்கோணும்… இந்நேரம் குளத்துல…” அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கரன்ட் போன மெஷின் மாதிரி நின்றுவிட்டார்.

திக்குத் தெரியாமல் நிற்பது எனக்குப் பழக்கம். அப்போதெல்லாம் எதிரில் இருக்கிற ஆளிடம் கேட்பேன். எதிரில் இருந்தது ரித்திக். குந்தி உட்கார்ந்தேன்.

“ராசா, சாப்பிட்டுட்டு அடுத்து எங்க போறோம்னு உங்கப்பா சொன்னாரா?”

மூக்கை உறிஞ்சினான். “சாப்புட்டதும் தண்ணிக்குள்ள எறங்கக்கூடாதுன்னாரு. மொதல்ல குட்டி ரயிலு. அப்பறம் பேய் ஊடு. எல்லாம் போன்ல எழுதி வெச்சிருக்காரு.”

அங்கேயும் ஒரு கதிர்வேல்!

கரையேறிய சுமதிக்குக் குட்டி ரயில் பக்கம் கையைக் காட்டிவிட்டு, அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். சொட்டச் சொட்ட நனைந்த சுமதி என்னை முந்திக்கொண்டு ஓடினாள்.

குட்டி ரயில் வாசலில் கிளிப்பச்சைக் கூட்டம். நாங்களே அங்கே நிற்பது போல இருந்தது. வரிசையின் நடுவில் யாழினி. ஒரு வடநாட்டுப் பெண் இந்தியில் ஏதோ சொல்லியபடி அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சுமதி பிள்ளையை வாரி அணைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் அழுவவே இல்லம்மா” என்றாள் யாழினி.

அந்தக் கூட்டத்தைக் கூட்டிவந்தவர் ரித்திக்கின் அப்பா. திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறாராம். என் இடுப்பில் மகனைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளை காணாமல் போனதே அவருக்குத் தெரியாது! “ஏனுங்க, எம்பட பையன் உங்ககூட எதுக்குங்க…” என்று ஆரம்பித்தவர் யாழினியைப் பார்த்தார். எங்கள் சட்டையைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது.

“இப்பத்தானுங்க எண்ணுனேன்… சரியாத்தானுங்க இருந்துச்சு…”

அந்தக் கூட்டத்தில் ஒருத்தர்கூட யாழினியின் முகத்தைப் பார்த்து நீ யார் என்று கேட்கவில்லை. அவர்களை எப்படிக் குறை சொல்வேன்? யார் பெற்ற பிள்ளை என்று பார்க்காமல்தானே நானும் சோளம் கொடுத்தேன்.

சரி, பிளான் நல்லதா கெட்டதா? யாழினியைத் தொலைத்தது ஒரு பிளான். கண்டுபிடித்துக் கொடுத்தது இன்னொரு பிளான். ரித்திக் என்னை மாதிரி ஒருத்தியோடு வந்திருந்தால் அடுத்து எங்கே என்று அவனுக்கும் தெரிந்திருக்காது.

சாயங்காலம் வேன் கிளம்பும்போது கதிர்வேல் விரலை நீட்டவில்லை. சீட் சீட்டாக வந்து, முகத்தைப் பார்த்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். யாழினியை இரண்டு தடவை. கடைசி சீட்டில் நான்.

“அக்கா…” என்றார்.

“பேரு?” என்றேன்.

விழித்தார். திரும்பி சுமதியைப் பார்த்தார். அவளும் விழித்தாள்.

நாலு வருஷமாகப் பக்கத்து வீடு. வாராவாரம் இந்தப் பக்கத்தில் அச்சாகிற பெயர்!