அடிவாரத்தில் நின்ற படம்

ஏற்காட்டில் நான் வேலை பார்க்கும் ஓட்டலில் ஸ்டோர் பொறுப்பு என்னுடையது. அரிசி, பருப்பு, போர்வை, சோப்பு எல்லாம் என் சாவிக்குள் இருக்கும். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் செல்போனில் படம் எடுப்பது எனக்குக் கைவந்ததால், பூக்கள் கண்காட்சி, காப்பிச் செடி பூக்கும் சமயம், பனி மூடிய காலை எல்லாம் நான்தான் எடுத்து சேலத்தில் இருக்கும் எங்கள் விளம்பரப் பிரிவுக்கு அனுப்பி வந்தேன்.

என் மனைவியும் அதே ஓட்டலில்தான் சமையல். அவள் பணியாரம் சுட்டு, ஓலைத்தட்டில் வைத்து நீட்டிச் சிரிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்திருந்தேன். புகையில் கண் கலங்கியிருந்தது, ஆனால் நல்ல சிரிப்பு. "போதும் நிறுத்துங்க, பணியாரம் கருகுது" என்று சொல்லிக்கொண்டேதான் சிரித்தாள்.

போன ஆடியில் ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள். எங்கள் ஊர் வெள்ளக்கடையிலிருந்து கார் பிடித்து சேலத்துக்கு இறங்கினோம். எங்கள் மகளின் மடியில் அவள் தலை வைத்திருந்தாள். நான் முன்னால் உட்கார்ந்து எங்கள் மலைச்சாமி சேர்வராயனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். அடிவாரம் வருவதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் வழக்கத்தில் இறந்தவர்களை உடனே முன்னோர்களோடு சேர்த்துவிட மாட்டோம். தலைத் திதி வரும்வரை அவர்கள் ஊட்டிலேயே இருப்பதாகத்தான் எண்ணம். படத்தைச் சுவரில் மாட்டுவதில்லை, பொட்டு வைப்பதில்லை. அமாவாசைக்கு அமாவாசை இலை போட்டுச் சோறு வைப்போம். வருசம் திரும்பிய பிறகுதான் வழியனுப்புவது. அதுவரை நல்ல நாள் கொண்டாட்டமும் கிடையாது.

ஐப்பசியில் ஓட்டலில் புது ஏற்பாடு ஒன்று வந்தது. முதலாளியின் ஓட்டல்கள் எல்லாவற்றின் படங்களும் ஒவ்வொருவர் போனிலும், பிரிண்டர் கடையிலும், வெப்சைட் பார்க்கும் பையனிடமும் சிதறிக் கிடந்தன. அவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும், விளம்பரம் எதுவானாலும் அங்கிருந்துதான் படம் போக வேண்டும் என்றார்கள். அதற்கு டேம் என்று சுருக்கப் பெயர். "மேட்டூர் டேம் மாதிரிதானுங்கண்ணா. எல்லாம் தேங்கட்டும், நாங்க மதகத் திறந்துக்கறோம்" என்று விளம்பரப் பிரிவில் இருந்த பெண் போனில் சிரித்தாள். எங்கள் ஓட்டல் படங்களுக்கு நான் பொறுப்பு. ஒவ்வொரு படத்துக்கும் தேடுவதற்கு வசதியாகச் சில சொற்கள் போட வேண்டும். அதில் இருக்கும் ஆள் நம்மிடம் வேலையில் இருக்கிறாரா, விலகிவிட்டாரா என்றும் குறிக்க வேண்டும். விலகியவர் படம் பூட்டிக்கொள்ளும், யாரும் எடுக்க முடியாது.

அவள் படம் வந்தபோது 'பணியாரம், அடுப்பு, சிரிப்பு' என்று அடித்தேன். அடுத்த கட்டத்தில் கை நின்றுவிட்டது. அவள் எங்கே விலகினாள்? இன்னும் ஊட்டில்தானே இருக்கிறாள்? இரண்டு வழிதான் கொடுத்திருந்தார்கள். 'இருக்கிறார்' என்பதை அழுத்திவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

அந்த மார்கழிக் கடைசியில், சேலத்தில் கல்லூரிக்குப் போயிருந்த மகள் பஸ்ஸில் திரும்பி வரும்போது போன் செய்தாள். 

"அப்பா, அம்மா அடிவாரத்துல நிக்கறாங்க."

துக்கத்தில் பிள்ளைக்கு மனசு கலங்கிவிட்டது என்றுதான் பயந்தேன். அவள் ஊடு வந்து சேர்ந்ததும் விவரம் கேட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். மலையேறும் ரோடு தொடங்குகிற இடத்தில் பெரிய பிளெக்ஸ் போர்டு. ஓலைத்தட்டை நீட்டியபடி அவள். 'பொங்கலுக்கு வாங்க, சுடச்சுடக் காத்திருக்கிறோம்' என்று எழுதியிருந்தது. எங்கள் ஊட்டில் அந்த வருசம் பொங்கல் இல்லை. உயிரோடு அவள் வந்து சேராத இடமும் அதுதான். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் செருப்பைக் கழற்றிவிட்டுச் சும்மா நின்றேன்.

விளம்பரப் பிரிவுப் பெண்ணுக்குப் போன் போட்டேன். எங்களை அவள் நேரில் பார்த்தவள் அல்ல. பொங்கல் விளம்பரத்துக்கு 'சிரிப்பு' என்று தேடினாளாம், இந்தப் படம்தான் முதலில் வந்ததாம். வெப்சைட், ரூம் புக் பண்ணுகிற இடங்கள், போன் விளம்பரம் எல்லாவற்றுக்கும் போய்விட்டது என்றாள்.

"இருக்காங்கன்னு போட்டிருந்தீங்களேங்கண்ணா?"

"வருசம் இன்னும் திரும்பலீங்க கண்ணு" என்றேன். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன்.  பிறகு தாழ்ந்த குரலில், ஒரு இடத்தில் மாற்றினால் போதும், எல்லா இடத்திலிருந்தும் தானாகவே இறங்கிவிடும் என்றாள்.

"நானே மாத்தீரட்டுங்களாண்ணா?"

"வேண்டாங் கண்ணு. நானே செஞ்சுக்கறன்."

ஓட்டலுக்கு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். சேர்வராயா என்று சொல்லி, 'விலகிவிட்டார்' என்பதை அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் வெப்சைட்டில் அவள் இருந்த இடத்தில் ஒரு டம்ளர் காப்பி வந்து நின்றது. ஊட்டிலிருந்து வழியனுப்ப ஆடிவரை நாள் இருந்தது. அதற்கு முன்பே இங்கிருந்து நான் அனுப்பும்படி ஆயிற்று. அந்தக் கணக்கைச் சாமிதான் சரி பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர் சொன்னபடி இறங்காதது அந்தப் போர்டு ஒன்றுதான். மறுநாள் ஆள் விட்டு இறக்கினார்கள். கேட்டு வாங்கி, வண்டியில் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தேன். நல்ல கெட்டியான பிளெக்ஸ், விறகு மேல் போட்டால் ஒரு சொட்டு மழை இறங்காது என்று எங்கள் சமையல் மாஸ்டர் தெரியாமல் சொல்லிவிட்டு, விரித்துப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

ஊட்டில் விரிக்க இடம் போதவில்லை. முகம் வரைக்கும்தான் விரிந்தது, மீதி சுருட்டியபடியே கிடந்தது. மகள் ஈரத்துணி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நெற்றி, கன்னம், புகையில் கலங்கிய கண் என்று லாரிப் புழுதியை மெதுவாகத் துடைத்தாள்.  துடைத்து முடித்ததும் இரண்டு பேருமாகச் சுருட்டி, என் மனைவி படுக்கும் கட்டிலுக்கு அடியில் வைத்தோம். அடுத்த அமாவாசைக்கு அங்கேதான் இலை போட்டேன். அவளுக்குப் பிடிக்கும் என்று மகள் பணியாரம் சுட்டாள். இரண்டு கருகிவிட்டன. அவற்றையும் எடுக்காமல் இலையிலேயே வைத்தாள்.